‘ஃபிர்மே’ போதுமா, ‘கியேரோ கே’ வேண்டுமா: ஸ்பானிஷில் நீங்கள் என்று பேசுவது

ஸ்பானிஷில் ஒருவரைக் கையெழுத்துப் போடச் சொல்ல இரண்டு வழிகள் முதலில் கண்ணில் படும். ஒன்று மரியாதைக் கட்டளை: ஃபிர்மே. மற்றொன்று சப்ஜங்டிவ் (விருப்பம், இன்னும் நடக்காதது போன்றவற்றைச் சொல்லும் வினைவடிவம்) வாக்கியம்: கியேரோ கே உஸ்தேத் ஃபிர்மே, அதாவது ‘நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்று விரும்புகிறேன்’. இரண்டிலும் வினைவடிவம் ஒன்றே. இரண்டு அட்டவணைகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு.

வடிவத்தை இப்படிச் செய்யலாம். நிகழ்காலத்தில் ‘நான்’ வடிவத்தை எடுங்கள்: ஃபிர்மோ, கோமோ, ஆப்ரோ. கடைசி ஓ-வை நீக்குங்கள். மூல வடிவம் (அகராதியில் வரும் வடிவம்: ஃபிர்மார், கோமேர், ஆப்ரிர்) ‘ஆர்’ என்று முடிந்தால் ஏ சேருங்கள். ‘எர்’, ‘இர்’ என்று முடிந்தால் ஆ. ஃபிர்மே, கோமா, ஆப்ரா கிடைக்கும். பலரிடம் பேசினால் கடைசியில் ஒரு ன்: ஃபிர்மேன், கோமான், ஆப்ரான். ஒழுங்கான வினைகளில் மூல வடிவத்தை வெட்டினாலும் இதே விடைதான். ஆனாலும் ‘நான்’ வழியே பழகுங்கள். தெங்கோ, தெங்கா மாதிரியான ஒழுங்கற்ற வினைகள் பலவும் பின்னால் அதே வழியில் வந்துவிடும்.

அதிகம் சறுக்கும் இடம், ஆ என்ற ஒலியே மரியாதை என்று நினைப்பது. ஆப்ரா என்றால் ‘திறங்கள்’, ஆப்ரே என்றால் ‘திற’. ஆனால் ஃபிர்மா என்றால் ‘கையெழுத்துப் போடு’, ஃபிர்மேதான் ‘போடுங்கள்’. வினையின் குடும்பம் தெரியாமல் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டால், வங்கி அதிகாரியை நீ என்று கூப்பிட நேரும்.

இனி வேறுபாடுகள். ‘அதை’ என்ற லோ கட்டளையில் வினையின் வாலில் ஒட்டும்: ஃபிர்மேலோ. எழுதும்போது முதல் அசையின் ‘ஐ’ (i) எழுத்துக்கு அழுத்தக் குறி போட வேண்டும். எதிர்மறையில் லோ முன்னால் வந்துவிடும்: நோ லோ ஃபிர்மே. சப்ஜங்டிவில் எப்போதும் முன்னால்தான்: கியேரோ கே லோ ஃபிர்மே. பன்மையில் ன் வினையோடு நிற்கும், பிறகுதான் ‘தமக்கே’ என்ற பொருள் தரும் சே: லாவென்சே, ‘கழுவிக்கொள்ளுங்கள்’. லாவேசென் என்பது பிழை.

சப்ஜங்டிவில் ‘நான்’, ‘அவர்’, ‘நீங்கள்’ மூன்றுக்கும் ஃபிர்மே ஒன்றே. யார் என்று குழம்பும் இடத்தில் உஸ்தேத் சேர்த்துவிடுங்கள். கட்டளையில் இந்தக் குழப்பம் இல்லை. கியேரோ உஸ்தேத் ஃபிர்மார் என்று கே இல்லாமல் அடுக்குவது தமிழ் பேசுபவர்களிடம் எளிதாக வரும் பிழை. ‘போட வேண்டும்’ என்பதை நேராக மூல வடிவமாக்கிவிடுகிறோம். விரும்புபவரும் செய்பவரும் ஒருவரே என்றால்தான் மூல வடிவம்: கியேரோ ஃபிர்மார்.

எதை எங்கே சொல்வது? நீளமான வாக்கியம்தான் பணிவு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். விடுதி வரவேற்பில் ‘கியேரோ கே மே காம்பியே லா அபிதாசியோன்’ என்றால் அறையை மாற்றித்தர அதட்டுவது போல இருக்கும். ‘மே காம்பியா லா அபிதாசியோன், போர் ஃபவோர்?’ என்று சாதாரண நிகழ்காலக் கேள்வியாகக் கேட்பதே இதமானது. வழி சொல்லும்போதோ கட்டளையே இயல்பு: க்ரூசே லா காயே, ‘தெருவைக் கடங்கள்’. இதில் கடுமை துளியும் இல்லை.

வெறும் கே ஒன்று சேர்ந்தாலே பொருள் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். மருத்துவர் ‘தெஸ்கான்சே’ என்றால் ஓய்வெடுக்கச் சொல்கிறார். இரவில் விடைபெறும்போது ‘கே தெஸ்கான்சே’ என்றால் நன்றாக ஓய்வெடுங்கள் என்ற வாழ்த்து. ‘கே பாசே எல் சிகியெந்தே’ என்றால் ‘அடுத்தவர் உள்ளே வரட்டும்’. எதிரில் நிற்பவரிடம் என்றால் ‘பாசே’ மட்டும் போதும்.

ஒரே வாக்கியத்தில் இரண்டும் வருவதுண்டு: குவாந்தோ தெர்மினே, ஃபிர்மே அக்கீ. ‘முடித்ததும் இங்கே கையெழுத்துப் போடுங்கள்.’ முடிப்பது இனிமேல்தான் என்பதால் தெர்மினே சப்ஜங்டிவ், ஃபிர்மே கட்டளை.

எழுத்தில் மட்டும் ஒரு கவனம். புஸ்கார் புஸ்கே ஆகும்போது ‘சி’ போய் ‘க்யூ-யு’ வரும். பகார் பகே ஆகும்போது ‘ஜி’க்குப் பின் ‘யு’ நுழையும். க்ரூசார் க்ரூசே ஆகும்போது ‘இசட்’ ‘சி’ ஆகும். ஒலி மாறாமல் இருக்கத்தான் எழுத்து மாறுகிறது. இவற்றை ஒழுங்கற்ற வினைகள் என்று ஒதுக்க வேண்டாம்.