காசியோ எஃப்எக்ஸ்-991 இஎஸ் பிளஸ்: மைனஸ் குறியும் அடுக்கும் போட்டுப் பார்த்ததில்

இந்த அறிவியல் கால்குலேட்டரை வாங்கியதும் முதலில் அழுத்திப் பார்க்க வேண்டியது −2². (−), 2, வர்க்க பட்டன், =. திரையில் −4 வரும். மெஷினில் கோளாறு என்று கடைக்கு ஓட வேண்டாம், விடை சரிதான். அடுக்குக்கு முன்னுரிமை, மைனஸ் குறி அதற்குப் பிறகு. 2 வர்க்கமாகி 4 ஆகிறது, அப்புறம்தான் மைனஸ் வந்து ஒட்டுகிறது. −2 முழுவதையும் வர்க்கமாக்க அடைப்புக்குறி கட்டாயம்: (−2)² என்றால் 4.

பூஜ்ஜிய அடுக்கிலும் இதே விதிதான். −5⁰ என்று அடித்தால் −1, (−5)⁰ என்று அடித்தால் 1. பூஜ்ஜியம் அடுக்காக வந்தால் விடை 1 என்று மனப்பாடம் செய்த பிள்ளை அந்த −1-ஐப் பார்த்துத் திகைக்கும். அடுக்கு 5-இன் தலையில் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது, மைனஸ் வெளியே நிற்கிறது என்று ஒரு முறை காட்டிவிட்டால் போதும். எக்செல்லில் கணக்குப் போடுகிறவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. அங்கே =−2^2 என்றால் 4 வரும், =0−2^2 என்றால் −4 வரும். மெஷினில் சரிபார்த்த சூத்திரத்தை அப்படியே அங்கே தட்டினால் விடை மாறிவிடும்.

அடைப்புக்குறியை விட்டுவிடும் தவறு அதிகம் நடப்பது இருபடிச் சமன்பாட்டில். எக்ஸ்² − 5எக்ஸ் + 6 = 0 என்பதற்குத் தன்மைக்காட்டி (b² − 4ac) (−5)² − 4×1×6, அதாவது 1. அடைப்புக்குறியை விட்டுவிட்டு −5² என்று அடித்தால் −25 − 24 = −49. அதற்கு வர்க்கமூலம் கேட்டதும் 'மேத் எரர்' வரும். உடனே 'மெய்யெண் மூலங்கள் இல்லை' என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் மூலங்கள் 3, 2. சரிபார்க்க ஒரு நல்ல வழி மெஷினிலேயே இருக்கிறது. மோட் 5 (சமன்பாடு), பிறகு 3 (இருபடி) அழுத்தி, கெழுக்களாக 1, −5, 6 ஒவ்வொன்றையும் = போட்டு ஏற்றினால் இரண்டு மூலங்களும் வரிசையாக வந்துவிடும். அங்கே மைனஸ் தனிக் கட்டத்துக்குள் இருப்பதால் குழப்பத்துக்கு இடமில்லை.

அடித்த கோவையில் மாறிக்கு மதிப்புக் கொடுத்து விடை காட்டும் கால்க் பட்டனும் இதே காரணத்துக்காக எனக்குப் பிடித்தது. எக்ஸ்² − 5எக்ஸ் + 6 என்று ஒரு முறை அடித்து (எக்ஸ் எழுத்து ஆல்ஃபா + வலது அடைப்புக்குறி பட்டனில் இருக்கிறது), கால்க் அழுத்தி −3 கொடுத்தால் 30 வரும். 9 + 15 + 6 என்று குறி தவறாமல் போடுகிறது, ஏனென்றால் மாறிக்குள் போன −3 ஒரே மதிப்பாகப் போகிறது. ஆன்ஸ் (முந்தைய விடை) விஷயமும் அப்படித்தான். திரையில் விடையாக −3 நிற்கும்போது வர்க்க பட்டனை அழுத்தினால் ஆன்ஸ்² ஆகி 9 வரும். அதே −3-ஐக் கையால் அடித்து வர்க்கமாக்கினால் −9.

இடது பக்கம் இருக்கிற (−) பட்டனும் வலது ஓரத்துக் கழித்தல் பட்டனும் வேறு வேறு. முந்தைய விடை 5 திரையில் இருக்கும்போது −2² வேண்டுமென்று கழித்தல் பட்டனில் ஆரம்பித்தால், மெஷின் அதை ஆன்ஸ் − 2² என்று எடுத்துக்கொண்டு 1 காட்டும். திரையை அழிக்கும் ஏசி பட்டனை அழுத்திவிட்டு, (−) பட்டனில் தொடங்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

புத்தகத்தில் இருப்பது போலவே அடுக்கு மேலே ஏறித் தெரிவது அழகு. அதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. 3⁰ + 5 அடிக்கும்போது 0-வுக்குப் பிறகு வலது அம்புக்குறியை அழுத்தி அடுக்கிலிருந்து இறங்க வேண்டும். மறந்தால் +5-உம் மேலேயே ஏறி 3⁵ ஆகிவிடும். 6 வர வேண்டிய இடத்தில் 243. = அழுத்துவதற்கு முன் கர்சர் எந்த உயரத்தில் மின்னுகிறது என்று பார்த்தால் தப்பிக்கலாம்.

பூஜ்ஜிய அடுக்கு ஏன் 1 என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட எளிய கருவி தெரியவில்லை. மோட் 7 (அட்டவணை), எஃப்(எக்ஸ்) = 2-இன் அடுக்கு எக்ஸ். ஜி(எக்ஸ்) கேட்டால் = அழுத்தித் தாண்டிவிடலாம். தொடக்கம் −3, முடிவு 3, படி 1. 0.125, 0.25, 0.5, 1, 2, 4, 8 என்று பட்டியல் இறங்கும். கீழிருந்து மேலே போகும்போது ஒவ்வொரு படியிலும் 2-ஆல் வகுபடுகிறது. 2-க்கு மேலே 1 தானாக வந்து விழுகிறது, அதற்கும் மேலே பின்னங்கள். (−2)-இன் அடுக்கு எக்ஸ் என்று மாற்றினால் குறிகள் மாறி மாறி வரும், பூஜ்ஜியத்தில் 1 அப்படியே நிற்கும்.

0⁰ கேட்டால் 'மேத் எரர்' தான். 0-க்கு எந்த நேர்ம அடுக்கு போட்டாலும் 0, மற்ற எண்களுக்குப் பூஜ்ஜிய அடுக்கு போட்டால் 1. இரண்டு விதியும் முட்டுகிற இடம் அது. கூகுள் கால்குலேட்டர் 1 என்று சொல்லும், எக்செல் பிழை காட்டும். ஒதுங்கிக்கொள்கிற மெஷினைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்ல வேண்டியது, பெருக்கல் குறியை விட்டுவிட்டால் நடப்பதை. குறி இல்லாத பெருக்கலுக்கு வகுத்தலைவிட முன்னுரிமை கொடுத்திருக்கிறார்கள். 6÷2(1+2) என்றால் 1. 6÷2×(1+2) என்றால் 9. 1÷2π என்றால் 0.159..., 1÷2×π என்றால் 1.570.... கையேட்டின் முன்னுரிமைப் பட்டியலில் இது இருக்கிறது, ஆனால் திரையில் எந்த அறிகுறியும் இல்லை. பாட்மாஸ் விதியை (எந்தக் கணக்கை முதலில் செய்வது என்ற வரிசை) இடமிருந்து வலமாகப் படித்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். அடுத்து வந்த 991 இஎக்ஸ் மாடல் அதே 1-ஐக் கொடுத்தாலும், = அழுத்தியதும் 6÷(2(1+2)) என்று தானே அடைப்புக்குறி போட்டுக் காட்டுகிறது. இரண்டும் கையில் கிடைத்தால் இதற்காகவே இஎக்ஸ் எடுக்கலாம். இஎஸ் பிளஸ் வைத்திருப்பவர்கள் × பட்டனை ஒருபோதும் விடாமல் அழுத்துங்கள், வகுத்தலுக்குப் பதில் பின்ன பட்டனைப் பயன்படுத்துங்கள். எது மேலே, எது கீழே என்பது கண்ணுக்கே தெரியும்.