மின்னஞ்சல் கையொப்பம்: அவரவர் அவுட்லுக்கிலா, சர்வர் விதியிலா?

அவரவர் அஞ்சல் செயலியான அவுட்லுக்கில் கையொப்பத்தை வைப்பது ஒரு வழி. வெளியே போகும் அஞ்சலில் நிறுவனத்தின் அஞ்சல் சர்வரே அதைச் சேர்க்கும்படி விதி எழுதுவது இன்னொரு வழி.

செலவு: மைக்ரோசாஃப்டின் அலுவலக அஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனுக்குச் சந்தா இருந்தால் இரண்டுக்கும் தனிக் கட்டணம் இல்லை.

உறுதி: அவுட்லுக்கில் வைத்ததை ஊழியர் அழித்துவிட்டால் போயிற்று. சர்வர் விதி, கைப்பேசியிலிருந்து போகும் அஞ்சலிலும் கையொப்பத்தையும் பொறுப்புத்துறப்பு எனும் சட்டக் குறிப்பையும் சேர்த்துவிடும். பெரிய நிம்மதி இது.

தோற்றம்: இதில் என் ஓட்டு அவுட்லுக்குக்கே. பதில் எழுதும்போது கையொப்பம் நம் வரிகளுக்குக் கீழேயே நிற்கும். சர்வர் விதியோ மொத்த உரையாடலின் அடியில் கொண்டுபோய் ஒட்டும். ‘இந்த வாசகம் ஏற்கெனவே இருந்தால் சேர்க்காதே’ என்று விதிவிலக்கு எழுதாவிட்டால் ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி ஒட்டும். ஒரே வாசகம் அடுக்கடுக்காக நிற்கும் அஞ்சலைப் படிப்பவர் பாவம்!

ஐந்தாறு பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு அவுட்லுக் போதும். பிரிட்டனில் பதிவான நிறுவனம் என்றால், பதிவு எண்ணும் பதிவு அலுவலக முகவரியும் வணிக மின்னஞ்சலில் இருப்பது சட்டக் கட்டாயம். அதை ஊழியர்களின் நினைவுக்கு விடாமல் சர்வரிலேயே வையுங்கள்.