‘மக்கும்’ குப்பைப் பை: எங்கே மக்கும் என்பதைச் சொல்லாத பொருள்

சமையலறைக் கழிவைக் கட்டிப் போடுவதற்காக, ‘முழுவதும் மக்கும்’ என்று அச்சிட்ட பச்சை நிறப் பைகளை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். பை என்ற அளவில் குறை சொல்வதற்கில்லை. ஈரக்கழிவின் எடையைத் தாங்குகிறது, இரண்டு நாள் வரை அடியில் கசிவதுமில்லை. ஆனால் நான் அதை வாங்கியது மக்குவதற்காக. வீட்டு உரத்தொட்டியில் கழிவோடு சேர்த்துப் போட்ட பைகளை ஆறு மாதம் கழித்துக் கிளறிப் பார்த்தபோது, காய்கறித் தோல்கள் யாவும் கருமண்ணாகியிருக்க, பை மட்டும் சுருங்கிய துண்டுகளாக, அச்செழுத்தைப் படிக்கக்கூடிய நிலையில் கிடந்தது.

காரணம் பையின் வேதியியலிலேயே இருக்கிறது. இது தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யப்படும் பாலிலாக்டிக் அமிலம் என்ற நெகிழியும், பிபிஏடி என்னும் மக்கக்கூடிய பாலியெஸ்டரும் கலந்து செய்தது. இவற்றின் நீண்ட சங்கிலிகளில் உள்ள எஸ்டர் பிணைப்புகளை முதலில் நீர் வெட்டிக் குறுக்க வேண்டும். அதன் பிறகே நுண்ணுயிர்கள் அத்துண்டுகளை உட்கொண்டு கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்ற முடியும். பாலிலாக்டிக் அமிலம் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கண்ணாடி போல் இறுகியிருப்பதால், அந்த முதல் வெட்டே மிக மெதுவாக நடக்கிறது. பையில் குறித்திருக்கும் ஈஎன் 13432 என்ற ஐரோப்பியத் தரநிலையோ, 58 டிகிரி அளவுக்குச் சூடேறும் பெரிய உரக்கூடங்களை முன்வைத்து, ஆறு மாதத்துக்குள் 90 விழுக்காடு சிதைவைக் கேட்கிறது. சான்று பொய்யில்லை, அது கேட்கும் வெப்பம் என் தொட்டியில் இல்லை.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்விலும், பையின் சிதைவு இடத்துக்கு இடம் மாறுவது தெரிந்தது: உரமாகும் வகைப் பை கடல்நீரில் மூன்று மாதத்தில் மறைந்துபோனது, மண்ணில் 27 மாதம் கழித்தும் இருந்தது.

முன்பு நான் வாங்கிய ‘ஆக்சோ’ வகைப் பை இதைவிடக் கேடானது. அது உலோக உப்பு சேர்த்த பாலிஎத்திலீன், அதாவது சாதாரண நெகிழிப் பையின் பொருள்தான். வெயிலும் ஆக்சிஜனும் பட்டால் நொறுங்கி நுண்நெகிழியாகச் சிதறுமே தவிர, அதன் கார்பன் சங்கிலியை உண்ணும் உயிர்கள் மண்ணில் அரிது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் அதன் விற்பனையைத் தடை செய்தது சரியான முடிவு.

ஈரக்கழிவைத் தனியே பெற்றுப் பெரிய உரக்கூடத்துக்கு அனுப்பும் வசதி உள்ளவர்கள் இந்தப் பையைத் தயங்காமல் வாங்கலாம். வீட்டிலேயே உரம் செய்பவர்கள், ‘வீட்டு உரத்துக்கு ஏற்றது’ என்ற தனிச்சான்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இந்தப் பையில் அது இல்லை. தயாரிப்பாளர் வெப்பநிலை நிபந்தனையை ‘மக்கும்’ என்ற சொல்லுக்கு அருகிலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும்.