நோட்டா, போனா, சீட்டா: அரிய சொல்லை எதில் பிடித்து வைப்பது?

புத்தகத்தில் தெரியாத சொல் தட்டுப்பட்டால் அதை எழுதி வைக்காமல் எனக்கு அடுத்த பக்கம் போகாது. மூன்று வழியிலும் சேர்த்துப் பார்த்துவிட்டேன். முதலில் நோட்டு (தேர்தல் நோட்டா இல்லை, வேலூர் லாங்கு பஜாரில் வாங்கிய நீள நோட்டு), அப்புறம் போன், இப்போது சீட்டு.

நோட்டில் ஒரு சுகம் உண்டு. ஒரு சொல்லைத் தேடிப் போனால் வழியில் பத்துச் சொல் கண்ணில் படும். ஆனால் என்னை ஏமாற்றியதும் அதுதான். "கவலை: நீர் இறைப்பது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எந்தப் புத்தகம், எந்த வாக்கியம், ஒன்றும் குறிக்கவில்லை. பம்புசெட் வருவதற்கு முன் எங்கள் வடாற்காட்டுக் கிணறுகளில் மாடு கட்டி இறைத்தார்களே, அந்தக் கவலை. தெற்கே அதைக் கமலை என்பார்கள். சரி, முடிந்தது என்றிருந்தேன். பிறகு குறுந்தொகை 233-ஆம் பாட்டில் கவலையைத் தோண்டிய குழி வந்தது. நீர் இறைப்பதை எப்படித் தோண்டுவது? அது ஒரு கிழங்கு. இன்னொரு சங்கப் பாட்டிலோ கவலை என்றால் கிளை பிரியும் வழி. இதையெல்லாம் எழுத நோட்டில் இடமில்லை, அடுத்த வரியிலேயே வேறு சொல் உட்கார்ந்திருக்கிறது. அம்புக்குறி போட்டு ஓரத்துக்கு இழுத்தேன். அறுபதாவது பக்கத்துக்குள் நோட்டு முழுக்க அம்பு.

போனுக்கு வருவோம். தேடுவதில் இதை அடிக்க ஆளில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்த தமிழ் லெக்சிகன் இன்று சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. காட்பாடியில் ரயில் ஏறி, வாலாஜா ரோடு வருவதற்குள் பொருள் பார்த்துவிடலாம். சேர்த்து வைப்பதில்தான் கோளாறு. ஒருநாள் 'ஞெகிழி' என்று அடித்தேன், கொள்ளிக்கட்டை என்று பொருள். போன் தானாகவே அதை 'நெகிழி' என்று திருத்திவிட்டது. கொள்ளிக்கட்டை பிளாஸ்டிக் ஆகிப்போனதை நான் கவனிக்கவே ஒரு மாதம் ஆயிற்று. அரிய சொல் எதுவோ அதைத்தான் அது பிழை என்று நினைக்கிறது! பக்கத்தைப் படம் பிடித்து வைத்தால் அது ஆம்பூர் பிரியாணிப் படங்களுக்கு நடுவே போய்ப் புதைந்துவிடும்.

புத்தக ஓரத்தில் பென்சிலால் குறிப்பது சொந்தப் புத்தகத்துக்குச் சரி. நூலகப் புத்தகத்தில் குறிப்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

சீட்டு பழைய முறை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே ஆயிரக்கணக்கான வாசகர்கள் எழுதி அனுப்பிய சீட்டுகளைக் கொண்டு கட்டப்பட்டதுதான். என் சீட்டு, பழைய கல்யாணப் பத்திரிகையின் வெறும் பக்கம். இரண்டாக வெட்டினால் அளவு சரியாக இருக்கும். மேல் மூலையில் சொல், நடுவில் முழு வாக்கியம், கீழே புத்தகமும் பக்கமும். பொருளை மட்டும் பென்சிலில் எழுதுவேன், அது மாறக்கூடியது. கவலைக்கு இப்போது மூன்று சீட்டு, மூன்றும் ஒரு பெட்டியில் அடுத்தடுத்து நிற்கின்றன. நான்காவது எப்போது வந்தாலும் நடுவில் செருகிவிடலாம். நோட்டில் இது நடக்காது.

வேகம் குறையும், அது உண்மை. முழு வாக்கியத்தையும் கையால் எழுத வேண்டும் என்பதால் ஒரு நாளைக்கு ஐந்தாறு சீட்டுக்கு மேல் போகாது. எனக்கு அது குறையாகப் படவில்லை. எழுதச் சோம்பல் வருகிற சொல் எனக்கு அவ்வளவாகத் தேவையில்லாத சொல்.

அதனால் இப்போதெல்லாம் பொருள் தேடப் போன், சேர்த்து வைக்கச் சீட்டு. நோட்டு பயணப் பையில் கிடக்கிறது. சீட்டில் ஒரே ஒரு தொல்லை: பெட்டியைத் திறக்கும்போது ஃபேனை நிறுத்தியாக வேண்டும். வெயிலூர் என்று பேரெடுத்த ஊரில், மே மாதத்தில்.