ஒரு சிறிய மெட்ரிகுலேஷன் பள்ளி: எல்.கே.ஜி. முதல் மூன்றாம் வகுப்பு வரை

எங்கள் ஊர்ச் சிறிய மெட்ரிகுலேஷன் பள்ளி ஒன்றில் என் மகள் எல்.கே.ஜி. முதல் மூன்றாம் வகுப்பு வரை படித்தாள். வகுப்புக்கு ஒரே பிரிவு, நடந்து போகும் தூரம், எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆயா என்று பார்த்துத்தான் சேர்த்தோம். ஆயாவைப் பற்றி இன்றும் ஒரு குறை சொல்ல முடியாது.

பாட்டும் வண்ணம் தீட்டலுமாக இருந்தவரை எல்லாம் நன்றாகவே போயிற்று. இரண்டாம் வகுப்பில்தான் சாயம் வெளுத்தது. சூழ்நிலையியல் நோட்டில் பதில்கள் முத்து முத்தாக இருந்தன. கேள்விகளை வரிசையாகக் கேட்டால் மடமடவென்று ஒப்பித்தாள். மூன்றாவது கேள்வியை முதலில் கேட்டபோது, முதல் கேள்வியின் பதில் வந்தது. கணக்கு நோட்டில் 42-இலிருந்து 17-ஐக் கழித்து 35 என்று போட்டிருந்தாள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமல், ஒன்றாம் இடத்தில் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறாள். பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாகச் சிவப்பு மை. அடியில் ‘வெரி குட்’.

அந்த மிஸ்ஸை நான் திட்டமாட்டேன். இரண்டு வகுப்புகளை மாற்றி மாற்றிக் கவனித்தவர் அவர். கோடை விடுமுறையில் வீடு வீடாகப் போய்ச் சேர்க்கைக்கு ஆள் பிடிக்கும் வேலையும் அவர் தலையில்தான். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்தபோது அவர் இல்லை. அடுத்து வந்தவரும் நிலைக்கவில்லை.

முதல்வரிடம் போனால், “தாளாளரிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்பார். தாளாளரோ, “வேறு எந்தப் பெற்றோரும் புகார் சொல்லவில்லையே” என்பார். பள்ளி வாசலில் பேசிக்கொண்டபோதுதான் தெரிந்தது, எங்கள் ஒவ்வொருவருக்கும் கிடைத்தது இதே பதில் என்று. ஆசிரியருக்குக் கொடுக்கப் பணமில்லாத அதே ஆண்டில் ஸ்மார்ட் போர்டு வந்தது, அபாகஸ் வந்தது. தனியார் பள்ளிகளுக்கான அரசின் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்த தொகைக்கு அச்சிட்ட ரசீது, மற்றவற்றுக்குத் துண்டுச்சீட்டு.

கூடிக் கேட்கலாமே என்பீர்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. பணம் கட்டுகிற எங்களுக்கு நாற்காலி கிடையாது. ஆண்டு விழாவில் மட்டும் முன்வரிசை கிடைக்கும்.

மூன்றாம் வகுப்பு முடிந்ததும் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றுக்கு மாற்றினோம். பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் தராமல் இழுத்தடித்தார்கள். இதற்குப் பயந்தே பலர் அடுத்த ஆண்டுக் கட்டணத்தையும் கட்டிவிடுகிறார்கள். தேவையில்லை: அதே சட்டத்தின் ஐந்தாவது பிரிவின்படி தலைமையாசிரியர் சான்றிதழை உடனே தர வேண்டும்; அது தாமதமானாலும் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. புதிய பள்ளியின் தலைமையாசிரியை சான்றிதழுக்குக் காத்திராமல் மகளை வகுப்பில் உட்கார வைத்தார்.

புதிய வகுப்பில் கூட்டம் அதிகம், மின்விசிறி ஒன்று ஓடாது. ஆனால் நோட்டில் தவறான விடையைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்திலேயே சரியாகப் போடச் சொல்கிறார்கள். இப்போது விண்ணப்பம் வாங்கப் போகிறவர்கள் ஸ்மார்ட் போர்டைப் பார்ப்பதற்கு முன், அங்கே படிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பாருங்கள்.