பிளேசர் ஆர்8: குழலை மாற்றினால் கேலிபர் மாறிவிடுமா?

வேட்டைத் துப்பாக்கியை வேறொரு தோட்டாவுக்கு மாற்றுவதற்குப் பழைய வழி பட்டறைதான். கைதேர்ந்த துப்பாக்கித் தச்சர் ரிசீவரிலிருந்து (குழல் பூட்டப்படும் உலோக உடல்) பழைய குழலை மரை கழற்றி எடுப்பார். புதுக் குழலில் சேம்பரை, அதாவது தோட்டா உட்காரும் அறையை, ரீமர் என்ற வெட்டுக் கருவி போட்டு வெட்டுவார். 'கோ', 'நோ-கோ' என்ற அளவுக் கட்டைகளை வைத்து ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய நிலையில் தோட்டாவுக்குக் கிடைக்கும் இடத்தின் நீளம், பார்ப்பார். அதன் பிறகு அழுத்தச் சோதனை முடிந்து முத்திரை விழ வேண்டும். ஜெர்மனியின் பிளேசர் நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த ஆர்8 இந்த வேலை முழுவதையும் ஒரு அறுகோணச் சாவிக்குள் அடக்கிவிட்டதாகச் சொல்கிறது. அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் குழல் ஒன்றை மட்டும் வாங்கினால் கேலிபர் (துப்பாக்கி சுடும் தோட்டாவின் அளவு) மாறிவிடும் என்று நினைத்துப் பணம் கட்டுபவர்கள் பிறகு கடைக்கு இரண்டாம் நடை நடக்கிறார்கள்.

இது ஏன் சாத்தியமாகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். வழக்கமான போல்ட் துப்பாக்கியில் தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளி மூடும் உருளைதான் போல்ட்; அதன் காதுகள் (துருத்தி நிற்கும் பற்கள்) ரிசீவரில் பூட்டிக்கொள்ளும். ஆர்8-ல் அந்த வகை ரிசீவரே கிடையாது. நேராகப் பின்னால் இழுக்கும் போல்ட்டின் தலையைச் சுற்றி, விரல்கள் போலப் பிளந்த ஒரு வளையம் இருக்கிறது. போல்ட்டை முன்னால் தள்ளியதும் அது விரிந்து, குழலின் பின்முனையில் உள்ளே வெட்டியிருக்கும் பள்ளத்தில் முழு வட்டமாகப் பதிகிறது. போல்ட் தலையும் குழலும் நேரடியாகப் பூட்டிக்கொள்வதால் ஹெட்ஸ்பேஸைத் தீர்மானிப்பவை அந்த இரண்டு பாகங்கள் மட்டுமே. ஸ்டாக் (துப்பாக்கியின் கட்டை), போல்ட் ஓடும் தண்டவாளம், மற்ற உலோகம் எதுவும் அந்தக் கணக்கில் வராது. குழலை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் சேம்பர் அளவு நகராததற்கு இதுவே காரணம்.

கழற்றும் முறை எளிது. மகசினும் (தோட்டாக்களை அடுக்கும் இடம்) டிரிகரும் சேர்ந்த பெட்டியை முதலில் வெளியே எடுங்கள். அதை எடுத்ததும் சுடுவதற்கு ஏற்றிய விசை தானாகவே இறங்கிவிடும், மீண்டும் ஏற்றவும் முடியாது. இந்தத் துப்பாக்கியின் மிக நல்ல பாதுகாப்பு ஏற்பாடு இது. அப்படியிருந்தும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட வேண்டும். பிறகு போல்ட்டைத் தண்டவாளத்திலிருந்து உருவிவிட்டு, முன்கைப் பகுதியின் (குழலுக்குக் கீழே வரும் ஸ்டாக்கின் முன்பாகம்) அடியில் உள்ள இரண்டு திருகுகளைக் கூடவே வரும் 5 மி.மீ. சாவியால் தளர்த்துங்கள். திருகுகள் ஸ்டாக்கிலேயே தங்கிவிடும், புல்லில் விழுந்து தொலையாது. குழல் மேலே தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

மாட்டும்போதுதான் கவனம் வேண்டும். குழலின் அடியில் இருக்கும் முளைகளையும் ஸ்டாக்கில் அவை உட்காரும் இடத்தையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒரு மணல் துகள் மாட்டினாலும் குழல் சாய்ந்து உட்காரும், குறி நகரும். திருகுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. நீளக் கைப்பிடி உள்ள வேறு சாவியைப் போட்டு அழுத்தவும் கூடாது. கூட வரும் சாவியில் கை தரும் இறுக்கமே போதும், முக்கியம் ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கம் இருப்பது. கடைசியாக ஒரு மெல்லிய காகிதத் துண்டைக் குழலுக்கும் முன்கைக்கும் நடுவே ஓட்டிப் பாருங்கள். எங்காவது சிக்கினால் அங்கே மரம் குழலைத் தொடுகிறது என்று அர்த்தம், குழல் சூடேற ஏற குறி விலகும்.

இனி செலவு எங்கே கூடுகிறது என்பது. தோட்டாவின் அடிப்பகுதி விட்டத்தைப் பொறுத்துத்தான் போல்ட் தலை. .223 ரெமிங்டனுக்கு அந்த விட்டம் சுமார் 9.6 மி.மீ. .243, 6.5 கிரீட்மூர், .308, .30-06, 8×57 ஐஎஸ், 9.3×62 எல்லாமே 12 மி.மீ. வட்டாரத்தில் நிற்கின்றன. .300 வின்செஸ்டர் மேக்னம், 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் போன்றவை 13.5 மி.மீ. ஒரே விட்டக் குடும்பத்துக்குள் மாறினால் போல்ட் தலை அப்படியே இருக்கும். குடும்பம் தாண்டினால் போல்ட் தலையும் வாங்க வேண்டும். அதை மாற்றக் கருவி எதுவும் தேவையில்லை, ஆனால் விலை சும்மா இல்லை.

விட்டம் ஒன்றாக இருந்தாலும் நீளம் வேறாக இருக்கலாம். மகசினின் உள்பெட்டி அதைத்தான் பார்க்கிறது. .308 தோட்டாவின் மொத்த நீளம் அதிகபட்சம் 71 மி.மீ. சொச்சம், .30-06 ஏறத்தாழ 85 மி.மீ. ஆகவே .308-லிருந்து .30-06-க்குப் போகிறவருக்குப் போல்ட் தலை செலவு இல்லை, உள்பெட்டி செலவு உண்டு. நீளமான பெட்டியில் குட்டைத் தோட்டாவைப் போட்டால் அது உதைப்பில் முன்னும் பின்னும் ஓடும், முனை நசுங்கும், ஏறும்போது சாய்ந்து சிக்கும். மகசினில் சாதாரணத் தோட்டா நான்கு கொள்ளும், மேக்னம் மூன்று.

செலவில்லாத நல்ல ஜோடிகள் இரண்டு. ஒன்று, .30-06-உம் 9.3×62-உம்: அடியும் ஒன்று, நீளமும் கிட்டத்தட்ட ஒன்று. இலகுவான மானுக்கு முதலாவது, அடர்ந்த புதரில் காட்டுப்பன்றிக்கு இரண்டாவது. 18.5 கிராம் குண்டை நொடிக்கு 720 மீட்டர் அளவில் தள்ளும் 9.3-ன் உதைப்பு தோளில் தெரியும். அதற்காகவே ஸ்டாக்குக்குள் வைக்கும் கிக்ஸ்டாப் எடை தனியாகக் கிடைக்கிறது. மற்றொன்று, .308-உம் 6.5 கிரீட்மூரும். தொலைவில் காற்றை எதிர்த்துச் சுடுபவர்களுக்கு இரண்டாவதன் அருமை புரியும்.

கடையில் பலர் கேட்க மறப்பது குழலின் தடிமன். குழல் வாயின் வெளி விட்டம் 17 மி.மீ. என்றால் சாதாரணக் குழல், 19 மி.மீ. நடுத்தரம், 22 மி.மீ. மேட்ச் (போட்டிக்கான) குழல். மெல்லிய குழலுக்கு வெட்டிய முன்கைக்குள் தடித்த குழல் உட்காராது. தடித்ததற்கு வெட்டிய முன்கையில் மெல்லியது உட்காரும், சுற்றிலும் இடைவெளிதான் அசிங்கமாகத் தெரியும். இரண்டாவது குழலும் முதல் குழலின் அதே தடிமனில் இருக்கட்டும். மேக்னம் குழல் 65 செ.மீ. வரை போகும் என்பதால் 58 செ.மீ. குழலுக்குப் பழகிய கைக்கு முன்பக்கம் கனக்கும்.

குழலின் உள்ளே குண்டைச் சுழற்றும் சுருள் பள்ளங்களின் முறுக்கையும் பாருங்கள். .223-ல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 3.6 கிராம் (55 கிரெய்ன்) வரைதான் நிதானமாகப் பறக்கும். 4.5 கிராமும் அதற்கு மேலும் சுட வேண்டுமானால் 8 அங்குல முறுக்கு தேவை. கனமான குண்டு காகிதத்தில் வட்டமாக ஓட்டை போடாமல் சாவித்துளை போல நீளமாகக் கிழித்தால் குண்டை மாற்றுங்கள், குழலைக் குறை சொல்லாதீர்கள்.

ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) விஷயத்தில் விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஸ்கோப்பைத் தாங்கும் பிளேசரின் சேணப் பிடி நேரடியாகக் குழலின் பக்கங்களில் உள்ள குழிகளில் கவ்வுகிறது. அதே குழலில் கழற்றி மாட்டினால் குறி அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது, இந்த வாக்குறுதி நிற்கும். ஆனால் ஒரே ஸ்கோப்பை இரண்டு குழலுக்கும் மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டுக்கும் குறி ஒன்றாக இருக்கவே இருக்காது. ஐரோப்பிய ஸ்கோப்பில் குறியைத் திருத்தும் குமிழின் ஒரு கிளிக் என்பது 100 மீட்டரில் 1 செ.மீ. வித்தியாசத்தை எண்ணி எழுதி வைத்து ஒவ்வொரு முறையும் திருப்பிச் சமாளிக்கலாம், வேட்டையின் விடியலில் அது மறந்துபோகும். தூரத்துக்கு ஏற்பத் திருப்பும் வளையம் ஒரு தோட்டாவுக்காகவே பொறிக்கப்பட்டது, இன்னொன்றுக்கு அது பொய் சொல்லும். ஆக, ஒரு குழலுக்கு ஒரு ஸ்கோப். பட்ஜெட்டில் இதைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டாவது செட்டின் விலையில் ஒரு நல்ல சாதாரணப் போல்ட் துப்பாக்கியே வந்துவிடும்.

புதுக் குழல் வந்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று. குழல் குளிர்ந்த நிலையில் மூன்று சுடுங்கள். குழலையும் ஸ்கோப்பையும் கழற்றித் துடைத்து மாட்டி, குளிர்ந்த பின் இன்னொரு மூன்று அதே காகிதத்தில். இரண்டு ஓட்டைக் கூட்டங்களின் நடுப்புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். விலகினால் முதலில் முளைகளின் அழுக்கு, அடுத்து திருகின் இறுக்கம், மூன்றாவது பிடியின் கவ்வல், இந்த வரிசையில் தேடுங்கள்.

ஆபத்து உண்மையில் பையில் இருக்கிறது. இரண்டு கேலிபர் தோட்டாவும் ஒரே பையில் கலந்துவிட்டால் வம்பு. .30-06 சேம்பருக்குள் .308 நுழைந்துவிடும். கூட்டின் விளிம்பைக் கவ்வும் எக்ஸ்ட்ராக்டர் பிடித்து நிறுத்த, ஊசி தட்டும், வெடிக்கும். 12 மி.மீ. நீளம் குறைவான கூடு பெரிய சேம்பருக்குள் விரிந்து கிழியலாம், வாயு பின்னால் வரலாம். .223 குழலில் .300 பிளாக்அவுட் போனால் இன்னும் மோசம், துப்பாக்கி சிதறும். காட்டுக்கு ஒரு நாளில் ஒரே கேலிபர், மற்றது பூட்டிய பெட்டியில். குழலுக்கும் அதன் மகசின் உள்பெட்டிக்கும் தோட்டாப் பெட்டிக்கும் ஒரே நிறத்தில் டேப் ஒட்டிவிடுங்கள்.

பராமரிப்பில் ஒரே ஒரு இடத்தைத்தான் கவனிக்க வேண்டும்: வளையம் பதியும் அந்தப் பள்ளம். அங்கே பனிக்கட்டியோ இலைத்தூளோ கெட்டியான எண்ணெயோ சேர்ந்தால் போல்ட் முழுதாக மூடாது. தூரிகையால் சுத்தம் செய்து, எண்ணெயை மெல்லிய படலமாக மட்டும் விடுங்கள்.

குழலை வாங்குமுன் உரிமத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் மாற்றுக் குழலையும் உரிமப் புத்தகத்தில் பதிய வேண்டும், பல நாடுகளில் குழல் தனி ஆயுதப் பாகமாகவே எண்ணப்படுகிறது. பழைய சரக்கு மலிவாகக் கிடைத்தால் குழலின் மேல் பொறித்திருப்பதைப் படியுங்கள்: பிளேசரின் முந்தைய மாடலான ஆர்93-ன் குழல் என்றால் விட்டுவிடுங்கள், அது ஆர்8-ல் பொருந்தாது.