சுமையோடு ஆறு ஆண்டுகள்: சர்லி லாங் ஹால் டிரக்கர் ஓட்டிய அனுபவம்

2018ஆம் ஆண்டின் இறுதியில், ஒருவர் சில காலம் பயன்படுத்திய சர்லி லாங் ஹால் டிரக்கர் பயண மிதிவண்டியை வாங்கினேன். ஆறு ஆண்டுகளில் அது ஓடிய தூரம் 14,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கும் மேல் இருபது கிலோவுக்குக் குறையாத சுமையுடன் ஓட்டியது. புது வண்டியைப் பத்து நாள் ஓட்டிவிட்டு எழுதப்படும் மதிப்புரைகளில், சுமை ஏற்றியபின் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பது பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. பயண மிதிவண்டி வாங்க நினைப்பவருக்கு அதுவே முதன்மையான கேள்வி என்பதால், இங்கே அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வண்டியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சட்டமும் (ஃபிரேம்) முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் 4130 குரோமோலி, அதாவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு. பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரையுள்ள தூரம் 460 மில்லிமீட்டர். ரேஸ் சைக்கிள்களில் இது 410 அளவில்தான் இருக்கும். இந்த ஐந்து சென்டிமீட்டரால் மிதிக்கும்போது குதிகால் பின் பைகளில் இடிப்பதில்லை; பைகளின் எடையும் பின் அச்சைத் தாண்டி வெளியே போகாமல் அச்சுக்கு மேலேயே அமர்ந்துகொள்கிறது. என்னுடையதில் 26 அங்குலச் சக்கரம், சக்கரத்துக்கு 36 ஸ்போக்ஸ் கம்பிகள், ரிம்மைப் பிடிக்கும் கேண்டிலீவர் பிரேக். இந்த மாடலின் உற்பத்தி இப்போது நின்றுவிட்டது. அதன் இடத்தில் டிஸ்க் பிரேக் கொண்ட டிஸ்க் டிரக்கர் வருகிறது. ஆனால் சுமை குறித்து நான் கற்றவற்றில் பெரும்பகுதி எந்த எஃகுப் பயண மிதிவண்டிக்கும் பொருந்தும்.

முதல் நெடும்பயணம் 2019 ஜனவரியில், பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைக்கு. அப்போது என்னிடம் பின் கேரியர் ஒன்றே இருந்தது. அதுவும் விலை குறைந்த அலுமினியக் கேரியர். இரண்டு பக்கப் பைகளிலும் சேர்த்துப் பதினாறு கிலோ, கேரியரின் மேலே கூடாரமும் படுக்கையும் அடுப்பும் சேர்த்து ஆறு கிலோ என மொத்தம் 22 கிலோவும் பின்னாலேயே இருந்தது. சமதளத்தில் குறையொன்றும் தெரியவில்லை. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த ஏற்றம் தொடங்கியதும் முன்சக்கரம் தரையில் இருக்கிறதா என்றே ஐயம் வந்துவிட்டது. வளைவின் உட்புறச் செங்குத்தில் ஹேண்டில்பாரை இழுத்து மிதித்தபோது முன்சக்கரம் ஒரு கணம் மேலெழுந்து, இறங்கிய இடத்தில் திசை மாறியிருந்தது. ஐந்து ஆறு கிலோமீட்டர் வேகத்தில் நேர்கோட்டில் போவதற்கே தோள்களால் போராட வேண்டியிருந்தது.

திரும்பும்போது நடந்தது அதைவிடக் கடுமையானது. வளைவுகள் முடிந்து நேராக விழும் இறக்கத்தில், வேகமானி 42ஐக் காட்டியபோது ஹேண்டில்பாரில் ஒரு மெல்லிய நடுக்கம் தொடங்கியது. சல்லடையில் மாவு சலிக்கும்போது கைக்கு வருமே, அதுபோன்ற விரைவான இடவல ஆட்டம். இரண்டு மூன்று நொடிகளில் அது வண்டி முழுவதற்கும் பரவி, எதிரே தெரிந்த சாலையே இரட்டையாக அசைவதுபோல் இருந்தது. பயத்தில் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்தேன். நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. தற்செயலாக இரு முழங்கால்களையும் உள்ளே ஒடுக்கியதில் மேல் பார் கம்பி கால்களுக்கிடையே சிக்கியது. ஆட்டம் சட்டென்று அடங்கிவிட்டது.

ஆங்கிலத்தில் ஷிம்மி என்று சொல்லப்படும் இந்த நடுக்கத்தின் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. சட்டம் ஒரு வில்லைப்போல் முறுக்கிக்கொண்டு மீளும் தன்மை உடையது. பின்னால் உயரத்தில் இருக்கும் எடை அதை ஒரு பக்கம் முறுக்க, மீளும்போது முன்சக்கரம் மறுபக்கம் திரும்ப, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கத் தொடங்குகின்றன. முழங்கால்களால் பாரை அணைப்பதும், உடல் எடையைச் சீட்டிலிருந்து பெடலுக்கு மாற்றுவதும் அந்தச் சங்கிலியை அறுத்துவிடுகின்றன. பதற்றத்தில் முன் பிரேக்கை அழுத்திப் பிடிப்பது ஆபத்து. மெல்ல வேகத்தைக் குறைப்பதே வழி.

பொள்ளாச்சியில் ஒரு சைக்கிள் கடையில் வண்டியை நிறுத்திச் சொன்னேன். கடைக்காரர் ஹேண்டில்பாரைத் தொடவே இல்லை. நேராகப் பின்னால் சென்று, கேரியரின் மேற்கம்பியைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தார். பைகளோடு அது கட்டைவிரல் அகலத்துக்கு ஆடியது. முன்சக்கரமும் கூடவே திரும்பியது. "கேரியரே இப்படி ஆடுதுங்க தம்பி, வண்டியக் குத்தஞ்சொல்லிப் பிரயோசனமில்லீங்க" என்றார். சட்டத்தோடு கேரியரை இணைக்கும் ஐந்து மில்லிமீட்டர் போல்ட்டுகளில் ஒன்று பாதி கழன்றிருந்தது. அதை முடுக்கிய பின்னும் ஆட்டம் முழுவதும் போகவில்லை, ஏனெனில் கேரியரின் கம்பிகளே வளைந்துகொடுத்தன.

அன்றுமுதல் நான் சுமையின் அளவைவிட, அது இருக்கும் இடத்தையும் இறுக்கத்தையும் கவனிக்கத் தொடங்கினேன். நம் ஊர்ப் பால்காரர்கள் கேன்களைக் கேரியரின் மேலே அடுக்காமல் இரு பக்கமும் சக்கரத்தை ஒட்டித் தாழத் தொங்கவிடுவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஆனால் என் வண்டியில் அதைச் செய்யத் தோன்றவில்லை. முதலில் பின் கேரியரை எடுத்துவிட்டு, டூபுஸ் நிறுவனத்தின் கார்கோ என்ற கேரியரைப் பூட்டினேன். எஃகுக் குழாயில் செய்யப்பட்ட அது 40 கிலோ தாங்கக்கூடியது. விலை அதிகம்தான், ஆனால் பக்கவாட்டு ஆட்டம் முற்றிலும் நின்றது. அடுத்து ஃபோர்க்கின் இருபுறமும் அச்சு உயரத்தில் பைகளைத் தாங்கும் லோ ரைடர் கேரியர். பைகள் நான்கும் ஆர்ட்லீப் நிறுவனத்தவை. அவற்றின் கொக்கிகள் கேரியர் கம்பியின் தடிமனுக்கேற்ற செருகிகளோடு இறுகப் பூட்டிக்கொள்வதால், மேடு பள்ளத்தில் பை தனியாகக் குதிப்பதில்லை.

இப்போது என் பங்கீடு பின்னால் பன்னிரண்டு கிலோ, முன்னால் ஒன்பது, ஹேண்டில்பார்ப் பையில் ஒன்றரைக்கும் குறைவு. அரிசி, பருப்பு, கருவிகள், அடுப்பு எரிபொருள் போன்ற கனமானவை முன் பைகளின் அடியிலும் பின் பைகளின் அடியிலும் போகும். துணியும் படுக்கையும்தான் மேலே. இடம், வலம் இரண்டுக்கும் எடை வேறுபாடு அரைக் கிலோவுக்குள் இருக்கும்படி, கொக்கியில் தொங்கும் சிறிய தராசில் நிறுத்தே பூட்டுகிறேன். முன் பைகளில் இந்த வேறுபாடு ஒரு கிலோவானாலே வண்டி ஒரு பக்கமாக இழுப்பது உள்ளங்கைக்குத் தெரிகிறது.

இந்த மாற்றத்துக்குப் பின் ஒருமுறைகூட ஷிம்மி வரவில்லை. 50ஐத் தாண்டிய இறக்கங்களிலும் இல்லை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஹேண்டில்பார் கனத்துவிடுகிறது. திருப்பத் தொடங்குவதற்குக் கூடுதல் விசை வேண்டும். திரும்பத் தொடங்கிய சக்கரத்தை நிறுத்தவும் விசை வேண்டும். எட்டு கிலோமீட்டருக்குக் கீழான வேகத்தில், குறிப்பாக ஊருக்குள் நெரிசலில், இது தொல்லைதான். முன் பைகளோடு கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறியபோது முதல் பத்து வளைவுகள்வரை நான் வண்டியோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு திருப்பத்தைச் சற்று முன்னதாகத் தொடங்கி, அகன்ற கோட்டில் போகப் பழகியதும் வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் போனது. முன்சக்கரம் ஒருமுறைகூடத் தூக்கவில்லை. சீட்டைவிட்டு எழுந்து மிதிப்பது மட்டும் சுமையோடு இன்றுவரை சரிப்படவில்லை. எழுந்தால் வண்டி இடவலமாகச் சாய, பைகள் அதைப் பெரிதாக்குகின்றன. அமர்ந்தபடி சிறிய கியரில் மிதிப்பதே எனக்கு ஒத்துவருகிறது.

பக்கக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக் காலத்தில் வள்ளியூரிலிருந்து பணகுடி, காவல்கிணறு நோக்கித் தெற்கே போகும்போது, ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று வலப்புறமிருந்து அறைகிறது. வழி நெடுக நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சாட்சி. நான்கு பைகள் பூட்டிய வண்டி பாய் விரித்த படகைப்போல் அதைப் பிடித்துக்கொள்கிறது. தொடர்ந்து வீசும் காற்று சிக்கலில்லை. வலப்பக்கம் சாய்ந்து ஓட்டினால் போதும். ஒரு பேருந்து முந்தும் கணம்தான் ஆபத்தானது. பேருந்தின் உடல் காற்றைத் திடீரென்று மறைத்துவிடுவதால், சாய்ந்திருந்த வண்டி வலப்பக்கமே, அதாவது பேருந்தை நோக்கியே, ஓரடி நகர்ந்துவிடுகிறது. பேருந்து கடந்ததும் காற்று மறுபடி அறைந்து இடப்புற மண்ணுக்குத் தள்ளுகிறது. முதல் முறை என் முழங்கை தகரத்தை உரசாமல் தப்பியது. இப்போது பின்காட்டும் கண்ணாடி இல்லாமல் அந்தச் சாலையில் ஏறுவதில்லை. கனரக வாகனம் வருவது தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து, சாய்வை முன்கூட்டியே நிமிர்த்திக்கொள்கிறேன். அத்தகைய நாள்களில் முன் பைகளில் கனமானதை அடியில் வைத்து, பையின் வாயை இயன்றவரை கீழே சுருட்டிக் கட்டுவது ஓரளவு உதவுகிறது.

பிரேக் சுமையோடு நம்பத்தக்கதே, நனைந்த ரிம்மில் மட்டும் முதல் சில மீட்டர் பிடிக்காது. நீண்ட இறக்கத்தில் விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சுடும். டியூப் வெடிக்கும் அளவுக்குச் சூடேறவும் வாய்ப்புண்டு. ஆகவே வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, உடனே விட்டுவிடுகிறேன். இரண்டாம் முறை வால்பாறையிலிருந்து இறங்கியபோது ஒன்பதாவது வளைவில், அணை தெரியும் லோம்ஸ் காட்சிமுனையில், ரிம் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

சக்கரங்களைப் பொறுத்தவரை, சுமையின் பெரும்பகுதி பின்னால் இருந்த முதல் ஆண்டில் செயின் பக்கத்து ஸ்போக்ஸ் கம்பிகள் மூன்று அறுந்தன. சக்கரத்தைப் பிரித்து, கம்பிகளின் இறுக்கத்தைச் சமமாக்கிக் கோட்டம் எடுத்துக் கட்டிய பின், எடையும் முன்னால் பகிரப்பட்ட பின், ஒன்றும் அறுந்ததில்லை. மாற்றுக் கம்பிகள் இரண்டைச் செருகி வைக்க இந்தச் சட்டத்திலேயே இடம் இருப்பதை மெச்ச வேண்டும். டயரில் காற்றழுத்தம் பின்னால் 65, முன்னால் 55 பி.எஸ்.ஐ. வைக்கிறேன், குறைந்தால் வளைவில் வண்டி நெளிவது உடனே தெரிகிறது.

நிறுத்துவதுதான் இன்னும் முழுதாகத் தீராத சிக்கல். முன் பைகள் இருக்கும்போது சைடு ஸ்டாண்டு போட்டால் ஹேண்டில்பார் தானாகத் திரும்பி, வண்டி முன்னே உருண்டு சரிகிறது. பழைய டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிய பட்டையால் முன் பிரேக் லீவரை ஹேண்டில்பாரோடு இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் இப்போது தேநீர்க் கடைக்குள் நுழைகிறேன். சரிவான இடமென்றால் அதுவும் போதாது. சுவர் தேட வேண்டியிருக்கிறது.